நடுப்பட்டை

மடிவாளா ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. முன் சீட்டில் இரண்டு பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஜெர்மனிக்கு அனுப்பின கியரெல்லாம் நெத்தியில பட்டை போட்ட மாதிரி துருப் பிடிச்சிருக்காம்."

"துரு வராத கவர்லதானக்கா சுத்தினோம்?"

"சுத்தறதுக்கு முன்னாலயே ஆயுதபூஜைக்கு யாரோ ஈர விபூதி பூசியிருக்காங்க."

"ஆமா, சாமி விபூதியைத் துடைக்கக்கூடாதுன்னு அப்படியே சுத்திட்டோம்."

"நேத்து நீ லீவுல இருந்தப்ப மேனேஜர் எல்லாரையும் நிக்க வச்சு, பூசினது யாருன்னு கத்தினாரு. ஜெர்மன்காரன் அனுப்பின போட்டோவைக் காட்டினாரு. ஒவ்வொரு கியர்லயும் மேல ஒரு பட்டை, கீழ ஒரு பட்டை. நடுப்பட்டை மட்டும் இல்ல."

"அப்போ நடுவிரல் இல்லாதவங்கதான் பூசியிருக்கணும்."

"அதையேதான் நானும் சொன்னேன். மேனேஜர் சட்டுனு கையை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டாரு."