பொண்டாட்டிக்குப் பின்னால் ஒரு குதிரை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புஜைராவிலிருந்து துபாய் போகும் பஸ். முன் சீட்டில் தலை ஈரம் காயாத இரண்டு பேர். பேச்சில் புதுக்கோட்டைப் பக்கம் தெரிந்தது. பெரியவர் திடீரென்று, "மாப்ள, என் பொண்டாட்டிக்குப் பின்னாடி ஒரு குதிரை நின்னுச்சுடா" என்றார்.

நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

"உங்க வீட்டுல ஏது மச்சான் குதிரை?"

"கடல்ல நின்னு போட்டோ எடுக்கிறப்ப வீடியோ கால் பண்ணிட்டா. கை பட்டு எடுத்துருச்சு. சைட்ல டூட்டின்னு சொல்லி வச்சிருந்தேன்."

"தலையெல்லாம் தண்ணியா இருந்திருக்குமே?"

"வேர்வைன்னேன்."

"அலைச் சத்தம்?"

"ஜெனரேட்டர்ன்னேன். சரி, நீ என்ன பண்றேன்னு கேட்டேன். வீட்டுல துணி துவைக்கிறேன்னா. சொல்லும்போதே பின்னாடி குதிரை வந்து நிக்குது. ஒரே பனி வேற. அறந்தாங்கியில ஏதுடா பனி?"

"கொடைக்கானலா?"

"அவ தங்கச்சியோட போயிருக்கா. எங்கிட்ட முன்னாடியே சொன்னா, நான் இங்க வெயில்ல வேகுறேன், உனக்கு ஊர் சுத்தக் கேக்குதான்னு கத்துவேனாம்."

"கத்துனியா?"

"இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு எப்படிடா கத்துறது?"

இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"அப்புறம்?"

"பெறகு, 'கடலைக் கொஞ்சம் காட்டுங்க'ன்னா. போன்ல சார்ஜ் தீர்ற வரைக்கும் காட்டிக்கிட்டே நின்னேன்."