கிளட்ச் இல்லாத வண்டி

– டேய் ரவி, முன்னாடி நிக்கிற டிரெய்லரு பின்னால உருளுது, கண்ணு தெரியில?

– பாத்துட்டேன் அத்தை. டென்ஷன் ஆவாத. ரிவர்ஸ்ல போட்டுட்டேன்... அவ்ளோதான். நின்னுட்டான் பாரு.

– இன்னும் ஒரு சாண் வந்திருந்தா கன்டெய்னரு நம்ம மடியில குந்தியிருக்கும். த்தூ.

– கண்ணாடிய எறக்காத. ஏசி வீணாப் போவுது.

– எறக்காம? ஏசிக்கு முன்னாடி தொங்க வுட்டுக்கிறியே வாசனை டப்பா, அதுக்கு மீன் கொடலு தேவலாம். கொமட்டுது.

– வெளிய மட்டும் இன்னா, சந்தனமா மணக்குது? டீசலு, குப்பைப் பொகை, மணலி பக்கத்துலேர்ந்து வர்ற கெமிக்கல் நெடி. இந்த ரோட்ட நெனச்சாலே எனக்கு அருவருப்பு அத்தை.

– ரோடு இன்னாடா பண்ணும், பாவம். ஹார்பருக்குப் போற டிரெய்லர எல்லாம் கொண்டாந்து வரிசையா நிறுத்தினவன கேளு. சரி, முன்னாடி எடம் கீது பாரு. போ.

– போறேன், போறேன்.

– இன்னாத்த போறே? நீ யோசிக்கறதுக்குள்ள ரெண்டு ஆட்டோ பூந்துட்ச்சி. இப்ப ஒரு தண்ணி லாரியும் மூக்க நீட்டுது. வர்றவன் போறவனுக்கெல்லாம் வயி வுட்டுக்கினு கீறே.

– இது ஆட்டோமேட்டிக் அத்தை. நான் ஓட்டுன டிரெய்லர் மாதிரி இல்ல. கிளட்சு கெடையாது. பிரேக்க வுட்டா அதுவா ஊரும், மிதிச்சா நிக்கும். எனக்குப் புச்சு. இன்னும் கை வரல, அதான்.

– அது ஊருதோ இல்லியோ, நீ ஊர வுட மாட்டேங்கற. ராயபுரம் மண்டபத்துல பேரு கூப்புடறப்ப நான் இல்லைன்னா இன்னா ஆவும் தெரியுமில்ல?

– தெரியும் அத்தை.

– தெரியாது உனக்கு. ஆபீசருங்க மேடையில குந்திக்கினு, கடலோரத்துல உன் கம்பெனியோட எண்ணெய் டேங்கு வருது, சுத்தி மதிலு வருது, யாருக்குனா ஆட்சேபணை கீதான்னு கேப்பாங்க. ஊரு சார்பா ஒருத்தரும் எயுந்து பேசலைன்னா, எதிர்ப்பே இல்லைன்னு முடிச்சிக்குவாங்க. மதிலு வந்துட்டா போட்ட எங்கடா கரை ஏத்துறது? உங்கப்பன் எத்திராஜி தலை மேலயா?

– அதுக்குத்தானே, ஊருக்குப் பேசி வச்ச வேன் வரலைன்னதும் நானே வந்து கூட்டிக்கினு போறேன். கம்பெனி வண்டியிலயே போய் எறங்கி கம்பெனிய எதிர்த்துப் பேசு. கெத்தா இருக்கும்.

– கெத்து. சீட்டுல பிளாஸ்டிக்கு விரிச்சி குந்த வச்சியே, அதுவும் கெத்துதானா?

– என் வண்டி இல்ல அத்தை. கவுச்சி புடிச்சா போவாது. நாளைக்கு மேனேஜரு ஏறுவாரு.

– அந்தக் கவுச்சியில வளந்த ஒடம்புடா உன்து.

– இரு, போன் வருது... சொல்லுங்க சார். இல்ல சார், இன்னும் திருவொற்றியூரே தாண்டல. ஆமா சார், பக்கத்துலதான் இருக்காங்க. சரிங்க சார்.

– யாரு?

– சர்வீஸ் சென்டர். ஆயில் மாத்தணுமாம்.

– ஆயில் மாத்துறவனுக்கு நான் பக்கத்துல குந்தினுகிறது எதுக்கு?

– நீ வேற. அய்யய்யோ, லைட்டு எரியுது. கியர்பாக்ஸ் சூடாயிட்ச்சி. இப்பிடி நின்னு நின்னு போனா இந்த வண்டி தாங்காது. ஓரங்கட்டி ஆற வைக்கணும்.

– எவ்ளோ நேரம்?

– ஆறுற வரைக்கும்.

– அதுக்குள்ள மண்டபத்தப் பெருக்கி பூட்டிக்கினு போயிடுவான்.

– மெசினு அத்தை. நான் இன்னா பண்றது?

– ரவி, உன் எடது காலு எங்க கீது?

– காலா? இங்கதான் கீது.

– எண்ணூர்லேர்ந்து அதத்தான் பாத்துக்கினு வரேன். மடக்கி வச்சிட்டு அக்கடான்னு கீது. உன் தோஸ்து தீனா, அவனும் டிரெய்லரு ஓட்டுனவன்தான், மொத மொத இந்த மாரி வண்டி ஓட்டுனப்ப நான் பின்னால குந்தினு இருந்தேன். நிறுத்தறப்பல்லாம் அவன் எடது காலு கிளட்ச தேடிக்கினு போயி பிரேக்க மிதிக்கும். நான் போயி முன் சீட்டுல முட்டிக்குவேன். உன் காலு எதையும் தேடல. உனக்கு இது புச்சு இல்ல நைனா.

– அத்தை...

– எரியுற லைட்டும் ஹேண்ட் பிரேக்கு லைட்டு. நீ வலிச்ச, அது எரிஞ்சிது.

– சரி, கேளு. கூட்டம் முடியற வரைக்கும் உன்ன ரோட்டுலயே வச்சிக்கினு இருன்னு கம்பெனியில சொன்னாங்க. வேன்காரன வர வேணாம்னு சொன்னதும் அவங்கதான். அடிக்கல, மெரட்டல. ஏசியில குந்த வச்சிக்கிறேன், அவ்ளோதான். வேலைய பர்மனென்ட் ஆக்குறேன்னு வாக்கு குட்த்துக்கிறாங்க. எம் பாப்பா தூக்கத்துல மூச்சு கெடைக்காம எயுந்து குந்திக்குது. அவள இந்த நாத்தத்துலேர்ந்து எங்கனா தூக்கினு போயிடணும்.

– நாத்தத்த வுடறவன் கையிலயே சோறு வாங்கி, அதே பாப்பாவுக்கு ஊட்டப் போற. அப்பவே கொமட்டுச்சே, அது வாசனை டப்பான்னு நெனச்சேன்.

– துப்பிக்கோ. தாங்கிக்கிறேன். வூட்ல ஜோதிகா கிட்ட மட்டும் சொல்லாத. என்னை மனுசனா மதிக்கிற ஆளு அவ ஒருத்திதான்.

– நீ சொன்னத எல்லாம் கேட்டும் நான் கதவ தெறன்னு கேக்கல. கவனிச்சியா?

– ஏன் கேக்கல?

– நான் மாட்டிக்கினேன்னு நீ சொல்ல சொல்ல உன் சாரு நிம்மதியா ரோட்டையே பாத்துக்கினு இருப்பான். நாங்க எப்படா ரோட்ட நம்பி பொயச்சோம்? வேனு வராதுன்னு தெரிஞ்சதும் பொம்பளைங்க எல்லாம் போட்டுல ஏறி, கடல் வயியா காசிமேட்டுல எறங்கிட்டாங்க. மண்டபம் அங்கேர்ந்து பொடி நடை.

– அப்ப நீ எதுக்கு ஏறின?

– உன்ன இங்க நிறுத்தி வைக்கத்தான். எனக்கு பதிலா பேசறதுக்கு வேற ஆளு போயிக்கிது.

– யாரு? இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது அத்தை?

– நேத்து உன் வூட்டு மொட்டை மாடியில நின்னு உன் சாரு கிட்ட போன்ல பேசினியே, அத கேட்ட ஆளு. இரு, கூப்புடறாங்க. ஸ்பீக்கர்ல போடறேன். போன மைக்கு பக்கத்துல வச்சிக்கிறாங்க. வாய மூடிக்கினு கேளு.

– அடுத்து, மீனவர் குப்பத்தின் சார்பாக. பேர் சொல்லிட்டுப் பேசுங்கம்மா.

– எம் பேரு ஜோதிகா. மதில பத்தி அப்பால சொல்றேன் சார். எங்க ஊருக்காக இங்க நின்னு பேச வேண்டியது கோவிந்தம்மா. அவங்கள கம்பெனி கார்ல ஏத்தி எண்ணூர் ரோட்டுல நிறுத்தி வச்சிக்கிறாங்க. அந்தக் கார ஓட்டுறது என் புருசன்.