வெங்காயத் தோலில் பொன்னெடுத்தவருக்கு, பொறாமையுடன்

வெங்காயத் தோலில் பொன்னெடுத்த பெருமாட்டியே! தெல்தோட்டைத் தேயிலைத் தூசியில் மண்ணிறமும் மாதுளந் தோலில் மாலை வெயிலும் காய்ச்சி வடித்த மாண்புடையீர்! கண்டிக் கடைவீதியில் கைத்தறிச் சால்வை என்றாலே தங்கள் பெயர் ஒலிக்க, எங்கள் பெயரை ஒருவரும் கேளாதபடி செய்த சாயப் பிரிவுத் தலைவி ருக்கியா அக்கா அவர்களே!

இருபத்தெட்டு ஆண்டுப் பணி முடித்து ஓய்வுபெறும் உங்களை வாழ்த்த வந்தோம். வாய் திறந்தால் வயிறுதான் எரிகிறது, பொய் எதற்கு? அதே படிகாரம், அதே தண்ணீர், திகன ஊர் பஹ்மி நானாவின் மரக்கறிக் கடையில் நாங்களே பொறுக்கிய அதே தோல். எங்கள் கை பட்டால் துணி வெளிறும், உங்கள் கை பட்டால் மின்னும். இது என்ன நியாயம்? போதாக்குறைக்கு, உங்களுக்குப் பின் தலைவி யார் என்று ஆறு மாதமாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

இம்மடலை எழுதும் கலாராணியாகிய நான், சென்ற ஆண்டு செய்ததைச் சபையிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பு வியாபாரிகள் வந்த அன்று, நீங்கள் நண்பகல் லுஹர் தொழப் போன நேரத்தில், தோல் அவித்த சாற்றை எவர்சில்வர் அண்டாவிலிருந்து துருப்பிடித்த இரும்பு அண்டாவுக்கு மாற்றினேன். இரும்பு பட்டால் மஞ்சள் கறுக்கும் என்று தெரிந்தேதான் மாற்றினேன். துணி பாசிப் பச்சையாக வந்தது; என் நெஞ்சு குளிர்ந்தது. வந்தவர்களோ அந்தப் பச்சையிலேயே நூறு சால்வை கேட்டார்கள்! கெடுக்கப் போன நானே உங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "கலா, எந்த அண்டாவுல ஊத்தினீங்கண்டு எனக்குத் தெரியும். நாளைக்கும் அதுலயே ஊத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பு விறகைத் தள்ளிவிடப் போய்விட்டீர்கள்.

நேற்று உங்கள் அலுமாரிச் சாவியை என்னிடம் தந்தீர்கள். உள்ளே, நிற மாதிரிகள் ஒட்டும் கொப்பியில் அந்தப் பச்சைத் துண்டு இருந்தது. அதன் கீழே உங்கள் கையெழுத்தில், "கண்டுபிடித்தவர்: கலாராணி." அடுத்த தலைவி யார் என்று நிர்வாகம் கேட்டபோது அந்தப் பக்கத்தைத்தான் விரித்துக் காட்டினீர்களாம்.

ஐயோ அக்கா, சாயத்தில் என்றாவது உங்களை எட்டிவிடலாம் என்றிருந்தேன். இதை எப்படி எட்டுவது? நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள். எங்களுக்குப் பொறாமைப்பட வேறு ஆளில்லை.

இவண்,
சாயப் பிரிவு ஊழியர்கள் அனைவருக்குமாக,
கலாராணி