இடுப்பை விட்டு இறங்காத சாவி

குருவி: ஐயோ, அலாரம்! அக்கா, ஆறாம் கட்டில்!

பெரிய சிஸ்டர்: ஓடாதேடி. தாத்தா ட்ரிப்ஸ் ஏறுற கையை மடக்கியிருப்பாரு.

ஆறாம் கட்டில்: மூக்கு அரிச்சுதும்மா...

குருவி: இன்னொரு கை எதுக்கு இருக்கு தாத்தா?

ஆறாம் கட்டில்: அதுல பேப்பர் இருக்கே!

பெரிய சிஸ்டர்: நீட்டுங்க கையை... ம், நின்னுடுச்சு பாரு. குருவி, இந்தச் சாவியைப் பிடி. அலமாரியில இவருக்கு வலி மாத்திரை எடுத்துட்டு வா.

குருவி: மருந்து அலமாரிச் சாவியா? என்கிட்டயா? உங்க இடுப்பை விட்டு அது இறங்கி நான் பார்த்ததே இல்லையே!

பெரிய சிஸ்டர்: முட்டி வலிக்குது. போயேன்.

குருவி: இந்தாங்க மாத்திரை. சாவி...

பெரிய சிஸ்டர்: வச்சிரு. இப்படி உக்காரு. நிஜமாவே வேலையை விட்டுப் போறியா?

குருவி: வெள்ளிக்கிழமையோட சரி. ஸ்கூல்ல நர்ஸ் வேலை. முட்டியைத் தேச்சுக்கிட்டு வர்ற பசங்களுக்கு மருந்து போடணும். சாயங்காலம் மணி அடிச்சா வீடு.

பெரிய சிஸ்டர்: உனக்கு அது ரெண்டே நாள்ல அலுத்துடும்.

குருவி: அலுக்கட்டுமே! இங்க அலுத்துக்கக்கூட நேரம் இல்லைக்கா. வந்தவங்கல்லாம் ஓடிட்டாங்க. இவ்வளவு பெரிய வார்டுக்கு நாம ரெண்டு பேர். லீவு அன்னைக்கும் ஃபோன்... "இந்த ஒரு ஷிஃப்ட் மட்டும் வந்துடுடி"ன்னு.

பெரிய சிஸ்டர்: கூப்பிட்டது நான்தானே...

குருவி: உங்களைக் குத்தம் சொல்லலை. என் பொண்ணுகிட்ட டீச்சர் கேட்டிருக்காங்க, "உங்கம்மா என்ன பண்றாங்க?"ன்னு. "தூங்குறாங்க"ன்னு சொல்லியிருக்கா! அவ பார்க்கிறப்பல்லாம் நான் தூங்கிட்டுத்தானே இருக்கேன்...

பெரிய சிஸ்டர்: சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரலை.

குருவி: அழுதா மட்டும் ஆள் வந்துடுமா?

பெரிய சிஸ்டர்: நான் சொல்றதைக் கேளு. மேட்ரன்கிட்ட பேசிட்டேன். இனிமே உனக்குக் காலை டியூட்டி மட்டும். ஞாயித்துக்கிழமை லீவு. அன்னைக்கு உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. உனக்குத் துணைக்குப் புதுசா ஒருத்தியும் வர்றா.

குருவி: மேட்ரனா? நாம கேட்டப்பல்லாம் கையை விரிச்சவங்களா? என்ன சொக்குப்பொடி போட்டீங்க?

பெரிய சிஸ்டர்: ஏதோ போட்டேன்... விடு.

ஆறாம் கட்டில்: இருந்துடு தாயி. நீ ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு. இந்தம்மா போட்டா தேள்!

பெரிய சிஸ்டர்: தாத்தா, பேப்பரைப் படிங்க!

குருவி: அக்கா... நான் வந்த புதுசுல மருந்து ட்ரேயைக் கீழே போட்டேனே, ஞாபகம் இருக்கா? டாக்டர் கத்தினதும், "நான்தான் தட்டிவிட்டேன்"னு முன்னால வந்து நின்னீங்க.

பெரிய சிஸ்டர்: அதெல்லாம் எதுக்கு இப்போ?

குருவி: ரெண்டு நாளா அதுதான் மனசுல ஓடுது. கூட நிக்க நீங்க இருக்கிறப்ப நான் ஏன் ஓடணும்? ...சரி. ஸ்கூலுக்கு வரலைன்னு சொல்லிடுறேன்.

பெரிய சிஸ்டர்: சொல்லிடுடி... இப்பவே சொல்லிடு.

குருவி: என்னக்கா, குதிப்பீங்கன்னு பார்த்தா கண்ணு கலங்குது? இந்தாங்க உங்க சாவி. திங்கட்கிழமை ரெண்டு பேரும் டீ குடிக்கிறோம். நின்னுக்கிட்டு இல்ல... உக்காந்து!

பெரிய சிஸ்டர்: சாவியை உன் இடுப்புலயே மாட்டிக்கோ... வார்டைப் பார்த்துக்க நீ இருந்தாத்தான் என்னை வேலையிலிருந்து விடுவேன்னு மேட்ரன் சொல்லிட்டாங்கடி. திங்கட்கிழமையிலிருந்து நான் வரமாட்டேன்.