கோயில் மைக்கில் கண்டுபிடித்த மருந்து

அழகம்மா: ஏன் பூரணி, அந்த மருந்து இப்ப எந்த மட்டுல இருக்கு?

பூரணி: ரயில விட்டு எறங்கி பையக்கூட கீழ வைக்கல... ஆரம்பிச்சிட்டியா அக்கா?

அழகம்மா: தோட்டத்துல வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்கே போகாம, ஒன்னயக் கூட்டிக்கிட்டுப் போக ராகலையில இருந்து நானுஓயா ஸ்டேஷனுக்கு வந்திருக்கேன். சொல்லேன்டி.

பூரணி: கண்ணுக்கே தெரியாத உருண்டை. உள்ள மருந்து. ரத்தத்துல போறப்ப மூடியே இருக்கும். புத்துநோய்க் கட்டிக்குப் பக்கத்துல கொஞ்சம் புளிப்பா இருக்கும். அந்தப் புளிப்பு பட்டாத்தான்...

அழகம்மா: தொறக்கும்!

பூரணி: ஆமா. மத்த எடத்துல மருந்து படாது.

அழகம்மா: அப்ப முடி கொட்டாது? வாந்தி வராது?

பூரணி: அப்புடித்தான் நெனப்பு. ஆனா நான் செய்ற உருண்டை என்னைய மாதிரி. தொறக்க வேண்டிய எடத்துல வாயத் தொறக்காது. தொறக்கக் கூடாத எடத்துல...

அழகம்மா: எல்லாத்தையும் கொட்டிரும்.

பூரணி: சிரி, சிரி. கேம்பஸ்ல இன்னும் ஒரு எலிக்குக்கூட குடுத்ததில்ல. கண்ணாடித் தட்டுல நோய் செல்லு வளத்து, அதுமேல ஊத்துறோம். அதுவும் பாதி, நான் ஊத்துறதுக்கு முன்னயே செத்துப் போயிருது. பயத்துலயோ என்னமோ.

அழகம்மா: சும்மா போடி. திருவிழாவுல மைக்குல சொன்னாங்களே, புத்துநோய்க்கு மருந்து கண்டுபிடிச்ச நம்ம தோட்டத்துப் புள்ளைன்னு. மாலை போட்டு, பொன்னாடையெல்லாம் போத்துனாங்க.

பூரணி: ஐயோ, அத ஏன் ஞாபகப்படுத்துற... "கண்டுபிடிக்கல, தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்"னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள மேளத்த அடிச்சிட்டாங்க.

அழகம்மா: மேளம் நின்னதுக்கப்புறம்?

பூரணி: ... மாலை நல்லா இருந்துச்சு அக்கா.

அழகம்மா: அப்ப... வர்ற தையில மருந்து வந்துராதா?

பூரணி: தையிலயா! எனக்குப் பல்லு கொட்டுறதுக்குள்ள வந்தாலே பெரிய விஷயம். அதுவும் நான் செஞ்சதா இருக்காது... ஏன், யாருக்குக் கேக்குற?

அழகம்மா: நம்ம லயத்து வரிசை வீட்டுல ஒருத்திக்கு. மார்ல கட்டி.

பூரணி: டாக்டர்கிட்ட காட்டுனாங்களா?

அழகம்மா: காட்டியாச்சு. புத்துநோய்தானாம். ஒடனே மஹரகம புத்துநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க.

பூரணி: எப்ப?

அழகம்மா: திருவிழாவுக்கு முந்தி.

பூரணி: இன்னுமா போகல? என்ன மடத்தனம்! ஆஸ்பத்திரியில இப்ப இருக்கிற மருந்துதான் அக்கா அவ உசுரக் காப்பாத்தும். யாரு அவ? வீட்டுக்குப் போனதும் மொத வேலையா நாலு திட்டுத் திட்டி, நானே கூட்டிக்கிட்டுப் போறேன். பேரச் சொல்லு.

அழகம்மா: அந்தப் பையக் குடு, நான் தூக்கிக்கிறேன்.

பூரணி: சொல்லு அக்கா!

அழகம்மா: திட்டாத பூரணி... கூடப் பொறந்தவளே மருந்து கண்டுபிடிச்சிருக்கையில, வேற மருந்து எதுக்குன்னு இருந்துட்டேன்.