லோரிச் சத்தத்தை மட்டும்

சிம்பாங் பூலாயில் வீடு வாங்கிவிட்டு லோரிச் சத்தத்தைக் குறை சொல்லக் கூடாது. மலையை உடைத்தால் கல் ரோட்டு வழியாகத்தான் போகும். நான் குறை சொன்னதேயில்லை. சொன்னவள் என் மனைவி கார்மென். இதை முதலில் எழுதிக்கொண்டால் நல்லது.

எங்கள் பின்னறையில் என் அண்ணன் ராட்னி படுத்திருந்தார். வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மூடிய வாய்க்குள் ஒரு முனகல்தான் மிச்சம். மாதா கோயிலில் அடிக்குரலில் பாடிய மனிதர். சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அப்பா செத்த பிறகு, பால் வெட்டி என்னை எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தவரும் அவர்தான். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கே கொண்டுவந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

கார்மென் முன்னறையில் துணி தைப்பாள். மிஷின் ஓடினால் பின்னறை கேட்காது. ஆகவே அண்ணன் தலைமாட்டில் ஒரு மைக் மாட்டி, அதன் சத்தத்தைப் பெரிதாக்கும் ப்ரீ-ஆம்ப்பை நானே செய்து, அவள் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தேன். அண்ணனுக்கு விழுங்க வராது. எச்சில் தொண்டையில் அடைக்கும். முனகுவார். கார்மென் போய் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும்.

"என்னாங்க, லோரி போறப்பல்லாம் ஸ்பீக்கரு கும்முனு அதிருது. தல வலிக்குதுலா. அத மட்டும் எடுத்துடுங்களேன்."

அதற்கென்றே இருப்பது ஹை-பாஸ் ஃபில்டர். கனத்த சத்தத்தை நிறுத்திவிட்டு, கூர்மையான சத்தத்தை விடும். ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். லோரி அடங்கியது, அண்ணன் குரல் தப்பியது. சரிபார்க்க, சமையலறைக்குப் பின்னாலிருக்கும் என் மேசையில் ஹெட்ஃபோன் போட்டு உட்கார்ந்தேன். கார்மென் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒங்ககிட்ட சொன்னா வெளிய போவாது. பிள்ள இல்லாததுக்கு கோளாறு எங்கிட்ட இல்ல. அவருகிட்டதான். நாந்தான்னு சொல்லிக்கச் சொன்னாரு. ஒங்க அம்மா சாவுற வரைக்கும் என்னைய மலடின்னுதான் கூப்பிட்டாங்க. நான் வாயத் தொறக்கல."

அண்ணனின் குரல் எழுந்தது. விட்டு விட்டு, குலுங்கிக் குலுங்கி. சிரித்தார்.

துரோகம் என்ற சொல்லை நான் லேசாகப் பயன்படுத்துகிறவன் இல்லை. அவள் சம்மதித்துத்தான் அந்தப் பழியை ஏற்றாள். கொடுத்த வார்த்தை வார்த்தைதானே. அவராவது முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்ய வாய்ப்பேச்சுகூடத் தேவையில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் சண்டை போடவில்லை, கை ஓங்கவில்லை. ஃபில்டரைத் திருத்தினேன். கெப்பாசிட்டரைச் சிறியதாக்கினால் வெட்டும் இடம் மேலே ஏறும், அடிக்குரலும் நின்றுவிடும். ஒன்றின் பின் ஒன்றாக இன்னும் சில அடுக்குகள் போட்டேன். லோரி போன வழியிலேயே அண்ணனும் போனார். கடிகாரம், பல்லி, ஜன்னலோர மைனா எல்லாம் முன்பைவிடத் துல்லியமாக வந்தன.

"இப்பதான் சுத்தமா இருக்கு," என்றாள் கார்மென். "மாமாவும் நல்லா தூங்குறாரு போல."

ஆமாம் என்றேன்.

பிறகு ஒரு கல்யாண வீட்டுக்கு அவசரமாகத் துணி தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் மிஷினை விட்டு எழவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தபோது அண்ணனுக்கு மூச்சில்லை. எச்சில் அடைத்திருக்கிறது, இப்படிப் படுத்திருப்பவர்களுக்கு நடப்பதுதான் என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்து வந்ததும் கார்மென் பக்கத்து வீட்டுத் தினேஸ்வரியை ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்தாள். பின்னறைக்குப் போய் மைக் அருகில் வாயை மூடி முனகினாள்.

"கேக்குதாக்கா?" என்று கத்தினாள்.

"நீ பேசுறது கேக்குது. அதுக்கு முன்ன ஒன்னும் கேக்கலயே."

மறுபடி முனகினாள். கையைத் தட்டினாள். தட்டியது மட்டும் கேட்டது. ஃபில்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமாகிட்ட நான் சொன்னத அன்னைக்கு கேட்டீங்களா?"

"ரெண்டு பேரும் சேந்து சிரிச்சீங்க," என்றேன்.

"சிரிச்சோமா? மாமா அழுதாருங்க. நாந்தான் கண்ண தொடச்சி விட்டேன்."

அந்தப் பெட்டியைத்தான் அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு வயர் எதற்கென்று உங்கள் ஆளுக்குப் புரியவில்லை என்றீர்கள். அது ஃபில்டருக்கு முன்னாலேயே பிரிந்து என் ஹெட்ஃபோனுக்கு வரும் வயர். அண்ணன் செத்த அன்று நான் மேசையில்தான் இருந்தேன். அண்ணன் முனகத் தொடங்கியதிலிருந்து நின்றது வரை முழுசாகக் கேட்டேன். ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தால் போதும், தெரியும். போயிருப்பேன். சிரித்துக்கொண்டிருக்கும் மனிதரைத் தொந்தரவு செய்வானேன் என்று இருந்துவிட்டேன்.