வள்ளியம்மாளைப் படைத்த சம்பூர்ணம் அம்மையாருக்கு

செந்தமிழும் செம்மை நெஞ்சும் சேர வாய்த்த எங்கள் தமிழாசிரியை ஸ்ரீமதி சம்பூர்ணம் அம்மையார் அவர்களுக்கு, பணி ஓய்வு பெறும் இந்நாளில், உடன் பணிபுரிந்தோர் வணங்கி வாசிக்கும் மடல்.

அம்மையீர்,

இப்பள்ளியில் ஓய்வு பெற்றவர் எவராயினும் அவருக்குரிய மடலை எழுதியவர் தாங்களே. வேலூரிலும் ஆம்பூரிலும் பல வீட்டுச் சுவர்களில் அவை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கின்றன. தங்களுக்கே ஒன்று தேவைப்பட்டபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், விஞ்ஞான ஆசிரியையிடம் பேனா தரப்பட்டது. ஆகவே இதில் அடைமொழிகள் குறைவு. பொறுத்தருள வேண்டும்.

தாங்கள் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. பிழையான வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, எழுதியவள் பெயரைச் சொல்லாமல், எல்லோரையும் சேர்ந்து திருத்தச் சொல்வீர்கள். பேரணாம்பட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிய தெலுங்குப் பிள்ளைகளும் தங்களிடம் கற்றே தமிழில் வீட்டுக் கதை பேசினார்கள்.

ஆயினும் தங்களை நினைக்கும்போது எங்களுக்கு முதலில் நினைவு வருவது தங்கள் நாவல்தான். வெள்ளிக்கிழமை மதிய உணவின்போது அதைச் சிறிது சிறிதாகப் படித்துக் காட்டினீர்கள். ஆம்பூர் ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் வள்ளியம்மாள், ஐம்பது வயதைக் கடந்த விதவை. சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்து அவளிடம் வருகிறார், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் முனிரத்தினம். அவரும் மனைவியை இழந்தவர். புண் ஆறிய பிறகும் அவர் வருகிறார்.

அவர் கையில் சந்தனம் மணத்ததாக முதலில் எழுதியிருந்தீர்கள். தண்ணீர்ப் பானையை நிரப்ப வந்த கடைநிலை ஊழியர் கவுஸ் பாஷா நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, தோல் ஷாப்பு ஆளு கையில சந்தனமா? சோப்பே தேஞ்சாலும் தோல் ஊற வைக்கிற ஆவாரம்பட்டை வாசனை போவாது."

மறுவாரம் திருத்தி வந்தீர்கள். ஆவாரம்பட்டை வாசனை வந்ததும், வள்ளியம்மாள் தலை நிமிராமலே அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னோம்.

பிறகு முடிவைப் படித்தீர்கள். வள்ளியம்மாள் அவரை மறுத்துவிட்டுக் காசிக்கு ரயில் ஏறினாள். "எஞ்சிய நாட்களை இறைவன் திருவடியில் அமைதியாகக் கழித்தாள்" என்று நிறுத்தினீர்கள்.

தையல் ஆசிரியை சுகரா பேகம் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"இன்னா டீச்சரம்மா, ரிடையர் ஆனவங்களுக்குப் படிக்கிற மடல் மாதிரியே முடிச்சிட்டீங்க? சால்வை ஒண்ணுதான் பாக்கி."

சிரித்தோம். உண்மையில் தங்கள் மடல்கள் எல்லாமே அந்த வாக்கியத்தில்தான் முடிகின்றன. தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்பது வயசு விதவைக்குக் கல்யாணம்னு எழுதினா, அது என் கதைன்னுதான் ஊரு பேசும். தனியா இருக்கறவ நான். இந்த ஊர்லயேதான இருக்கணும்?"

"காசிக்கு அனுப்பிட்டா மட்டும் பேசமாட்டாங்களாக்கும்?" என்றார் கணக்கு ஆசிரியை ஆரோக்கியமேரி.

தாங்கள் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் படிப்பு இல்லை. கதையையும் இழந்தோம், தங்கள் மனத்தையும் நோகடித்தோம் என்று வருந்தினோம். மன்னிப்புக் கேட்க இந்த மடலையே நம்பியிருந்தோம்.

நேற்றுப் பள்ளி விட்டதும் தாங்களே எங்களை அழைத்து உட்காரச் சொன்னீர்கள். புதிய முடிவைப் படித்தீர்கள். ஆம்பூர் ஸ்டேஷனில் காசிப் பயணச் சீட்டோடு வள்ளியம்மாள் நிற்கிறாள். வழியனுப்ப வந்த முனிரத்தினம், வெந்து ஆறிய கையில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். ரயில் வருகிறது. மற்றவர்கள் ஏறுகிறார்கள். வள்ளியம்மாள் சொல்கிறாள்:

"பெட்டியக் கீழ வைங்க. கை நோவப் போவுது."

அத்துடன் தாளை மடித்தீர்கள். கதவருகிலிருந்து கவுஸ் பாஷா கேட்டார்:

"அப்புறம் டீச்சரம்மா?"

"அப்புறம் இன்னா, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனாங்க" என்றீர்கள்.

அச்சாகும்போது அட்டையில் தங்கள் சொந்தப் பெயரே இருக்கும் என்றும் சொன்னீர்கள். ஊர் பேசட்டும் அம்மையீர். பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல இங்கே இத்தனை பேர் இருக்கிறோம்.

வழக்கமான கடைசி வாக்கியத்தை இம்மடலில் எழுதவில்லை. தங்களுக்கு முன்னே இருப்பவை எஞ்சிய நாட்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. தங்கள் கண்ணுக்குத் தெளிவும், கைக்கு வலிமையும், உடலுக்கு நலமும் நெடுங்காலம் நிலைக்க வேண்டுகிறோம். வெள்ளிக்கிழமை மதியம் வாருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருப்போம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மாறாத
ஆசிரியைகளும் பணியாளர்களும்
வேலூர், 1936